வீட்டில் கட்டில் இருக்கிறதா?

போன ஐப்பசி மழையில் எங்கள் பெரியக்கா முற்றத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள். திருவையாறு பக்கத்தில் அப்பா காலத்து ஓட்டு வீடு. ரேழி, கூடம், நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், அதைத் தாண்டிக் கொல்லை. நாலு நாள் விடாமல் பெய்தால் முற்றத்தில் பாசி பிடித்துவிடும் என்று அங்கேயே பிறந்து வளர்ந்த அவளுக்குத் தெரியாதா? 76 வயதில் மழைக்குள் எதை எடுக்க இறங்கினாய் என்று கேட்டால் இன்றுவரை பதில் இல்லை.

வலது தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. இரண்டாம் நாள் ஆபரேஷன். தொடை எலும்பின் மேல்நுனியில் உள்ள பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள். ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை. ஆறாம் நாள், சனிக்கிழமை மதியம், டிஸ்சார்ஜ். நான் எழுத வந்தது அந்தச் சனிக்கிழமை மதியத்தைப் பற்றி.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். 34 வருடம் நானும் ஸ்டாஃப் நர்சாக இருந்து ரிட்டயர் ஆனவள். இதே மாதிரி மதியங்களை நானே எத்தனை நூறு பேருக்கு நடத்திவைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரம் எனக்குக் கண்புரை ஆபரேஷன். பத்து நாள் தஞ்சாவூரை விட்டு நகர முடியவில்லை. அக்கா மகன் சென்னையிலிருந்து வந்து எல்லாம் பார்த்துக்கொண்டான். ஃபோனில் கேட்டபோதெல்லாம் "எல்லாம் சொல்லி அனுப்பிட்டாங்க சித்தி" என்றான். நானும் நம்பினேன். திங்கட்கிழமை அவனுக்கு ஆபீஸ். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அம்மாவை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

பத்தாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது அக்கா கூடத்தில் மல்லாந்து படுத்திருந்தாள். வலது கால் கட்டை மாதிரி நீட்டியபடி. கெண்டைக்கால் வீங்கியிருந்தது. நாக்கு வறண்டிருந்தது. என்னைப் பார்த்து "அம்மா, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்றாள். அம்மா செத்து 30 வருடம் ஆகிறது. மாடு விற்றும் அவ்வளவு காலம் இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்காரவைத்து விசாரித்தேன். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆஸ்பத்திரியில் சொன்னதை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்திருந்தாள், அதுதான் கோளாறு. "காலை மடக்கக் கூடாது, கீழ உக்காரக் கூடாது, இடுப்புல பாரம் போடக் கூடாது" என்று சொன்னார்களாம். மகன் அதை அவளிடம் சொல்லிவிட்டுப் போனான். காலை மடக்கக் கூடாது என்றால் என்ன? தொடை வயிற்றை நோக்கி நேர்கோணத்துக்கு மேல் மடங்கக் கூடாது என்று அந்த நர்ஸ் நினைத்துச் சொன்னது. கேட்டவர்களுக்கு அது முழங்கால். முழங்காலை மடக்காமல் பத்து நாள் வைத்திருந்தால் அது எப்படி இருக்கும்? கீழே உட்காரக் கூடாது என்பது உட்காரவே கூடாது என்று ஆகிவிட்டது.

இடுப்பு என்ற சொல்லே இதில் பெரிய தொல்லை. நம் பேச்சில் இடுப்பு என்றால் குழந்தையை வைத்துக்கொள்ளும் இடம், பிரசவத்தில் வலிக்கும் இடம். டாக்டர் சொல்லும் இடுப்பு மூட்டு அதற்கும் கீழே, தொடை உடம்போடு சேரும் இடத்தில் உள்ளே இருக்கிறது. தெருக்கோடியிலிருந்து ஒரு அத்தை வந்து, இடுப்பு ஆபரேஷன்தானே என்று அக்காவின் முதுகுக்கடியில் தினமும் எண்ணெய் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறார். நல்ல மனசு. ஆனால் ஆபரேஷன் ஆன மூட்டு எது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. 34 வருடத்தில் நான் ஒரு தடவையாவது நோயாளியின் கையைப் பிடித்து "இந்த இடம்தான், தொட்டுப் பாருங்க" என்று காட்டினேனா? இல்லை.

வாக்கர் வாங்கியிருந்தார்கள். அது பாலிதீன் உறையோடு ரேழியில் நின்றது. பழைய வீட்டு நிலைப்படிகள் உங்களுக்குத் தெரியும். கூடத்திலிருந்து தாழ்வாரத்துக்கு ஒன்று, தாழ்வாரத்திலிருந்து கொல்லைக்கு ஒன்று, ஒவ்வொன்றும் அரை அடிக்குக் குறையாது. வாக்கரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துத் தாண்ட அவளால் முடியாது. கக்கூஸ் கொல்லைக் கோடியில், அதுவும் குந்தி உட்காரும் வகை. அக்கா இதற்குத் தானே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். பகலில் பக்கத்து வீட்டுப் பெண் சம்பா நடவுக்குப் போய்விடுவாள், மதியம் மூன்று மணி வரை யாரும் கிடையாது. குடித்தால்தானே போக வேண்டும்?

சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், உடம்பில் நீர் வற்றி அதனால் குழப்பம். கால் வீக்கத்துக்கு ஸ்கேன் எடுத்தோம், நல்ல காலம், ரத்தக் கட்டி இல்லை. மறுபடி ஐந்து நாள் ஆஸ்பத்திரி.

இதை ஒரு வீட்டுக் கதையாக மட்டும் எண்ண வேண்டாம். இந்த முறிவுக்கு ஆளாகும் முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார் என்பது பல நாடுகளில் பார்த்த கணக்கு. சில இடங்களில் அதைவிடவும் கூடுதல். அவர்களில் பெரும்பாலானவர்கள் ஆபரேஷன் மேஜையில் போவதில்லை. அதற்குப் பிறகு வரும் வாரங்களில், மாதங்களில், சளி, படுக்கைப்புண், ரத்தக் கட்டி, சாப்பிடாமை என்று ஒன்று மாற்றி ஒன்றாக வந்து போகிறார்கள். அந்த வாரங்களில் முக்கால்வாசியும் நடப்பது வீட்டில். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரி என்று நாம் கொடுக்கும் காகிதம் யாருக்கு எழுதப்பட்டது? அடுத்துப் பார்க்கப்போகும் டாக்டருக்கு. ஆங்கிலத்தில், ரத்தப் பரிசோதனை எண்களோடு. வீட்டில் பார்த்துக்கொள்ளப்போகும் ஆளுக்கு ஒரு வரி கிடையாது. அந்த ஆளுக்காக எழுத வேண்டியது நர்ஸ். அந்த வேலையை அவர் கணக்கில் ஒரு வேலையாகவே யாரும் வைத்ததில்லை, நாங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. என் கட்சி இதுதான்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில், நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில், ஒரு பெரியவர். விவசாயக் கூலி, எழுபது வயது இருக்கும். அவருக்கும் இதே முறிவு. அந்தக் காலத்தில் ஆஸ்டின் மூர் என்ற அமெரிக்க டாக்டர் பெயரில் வழங்கிய உலோகப் பந்தைத்தான் அதிகம் வைப்பார்கள். டிஸ்சார்ஜ் அன்று நான் வழக்கமான பாட்டைப் பாடினேன். கட்டிலில் படுங்க, குந்தி உட்காராதீங்க, சம்மணம் போடாதீங்க, இரண்டு வாரத்தில் தையல் பிரிக்க வாங்க. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நர்சம்மா, எங்க வூட்ல கட்டில் கெடையாதே" என்றார். எனக்கு அடுத்த கட்டிலில் ட்ரிப் தீர்ந்து மணியடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஸ்ட்ரெச்சரில் புது அட்மிஷன் இவருடைய கட்டிலுக்காகவே காத்திருந்தது. "பாய்ல படுக்காதீங்க தாத்தா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

மூன்று வாரத்தில் மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலுமாக அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூட்டு நழுவி, கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பியிருந்தது. பாயிலிருந்து எழுந்திருக்கும்போது நழுவியிருக்கிறது. மயக்கம் கொடுத்துச் சரி செய்தோம். அவர் என்னைக் குறையாக ஒன்றும் சொல்லவில்லை, "நீங்க சொன்னீங்க, நான்தான் கேக்கல" என்றார். எனக்கு அது அடி. மறுபடி டிஸ்சார்ஜ் ஆகி அதே பாய்க்குத்தான் போனார். அப்புறம் அவர் செக்கப்புக்கு வரவில்லை.

வீட்டில் கட்டில் இருக்கிறதா என்று அவர் அட்மிட் ஆன அன்றே நான் கேட்டிருந்தால் ஒரு வாரம் கையில் இருந்திருக்கும். நாலு பேரிடம் சொல்லி ஒரு கயிற்றுக் கட்டில் ஏற்பாடு செய்திருக்கலாம். டெல்டா கிராமத்தில் கேட்டால் கிடைக்காத பொருளா அது? கயிறு தொய்ந்தால் பள்ளம் விழும் என்பதால் மேலே பலகை போட வேண்டும், கால்களுக்கு அடியில் இரண்டு இரண்டு செங்கல் வைத்து உயர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

"நர்சுக்கு நேரம் எங்கே?" என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். நியாயம்தான். நாற்பது பேருக்கு இரண்டு பேர் என்று நைட் டூட்டி பார்த்தவள் நான், அந்தக் கணக்கு மாறாமல் முழுசாக ஒன்றும் மாறாது. ஆனால் நம் ஆஸ்பத்திரிகளில் வெளிநாட்டுக்காரனுக்குக் கிடைக்காத ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் கூடையும் டிபன் கேரியருமாக ஒரு ஆள் ஆறு நாளும் உட்கார்ந்திருக்கிறார். அவரை நாம் என்ன செய்கிறோம்? ரவுண்ட்ஸ் வந்தால் "எல்லாரும் வெளிய போங்க" என்று துரத்துகிறோம். பாக்கி நேரம் மருந்துச் சீட்டோடு ஓட விடுகிறோம். பிசியோதெரபிஸ்ட் வந்து கட்டிலிலிருந்து எப்படி எழுப்புவது என்று செய்யும்போது அந்த ஆள் கேன்டீன் வரிசையில் காபிக்கு நிற்பார்.

அமெரிக்காவில் பிலடெல்பியாவில் மேரி நெய்லர் என்ற நர்ஸிங் பேராசிரியர் 1999ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பலவித நோய்களுக்காகவும் ஆபரேஷனுக்காகவும் சேர்ந்த முதியவர்கள் 363 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான டிஸ்சார்ஜ். இன்னொரு பாதிக்கு, ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே சிறப்புப் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் பொறுப்பேற்றுத் திட்டம் போட்டு, பிறகு வீட்டுக்கும் போய்ப் பார்த்தார். 24 வாரத்தில் வழக்கமான முறையில் 37.1 சதவீதம் பேர் மறுபடி அட்மிட் ஆனார்கள். நர்ஸ் பொறுப்பில் இருந்தவர்களில் 20.3 சதவீதம் பேர். புது மருந்து ஒன்று இந்த வித்தியாசத்தைக் காட்டியிருந்தால் மருந்துக் கம்பெனிகள் நம் வாசலில் வரிசை கட்டியிருக்கும்.

அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை என்பவர்களுக்கு வேலூர் இருக்கிறது. சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செய்தவர். அவர் முயற்சியில் 1966ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறந்தார்கள். வீட்டுக்குப் போய் எப்படி வாழ்வது என்பதையே சிகிச்சையாகக் கருதும் இடம். பெங்களூருவில் இதய ஆபரேஷன் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு வார்டிலேயே பாடம் நடத்துவதில் ஆரம்பித்த நூரா ஹெல்த் என்ற அமைப்பு இன்று பல மாநில அரசு ஆஸ்பத்திரிகளில் அதைச் செய்கிறது. ஆகவே இது நம்மால் ஆகாத காரியம் என்று சொல்லாதீர்கள்.

அந்தப் பாடத்தில் என்ன இருக்க வேண்டும்? முதலில் கேள்வி. வீட்டில் கட்டில் உண்டா, எத்தனை நிலைப்படி, கக்கூஸ் எங்கே, எந்த வகை, பகலில் யார் இருப்பார்கள். இந்தக் கடைசிக் கேள்வியைப் பருவத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டும். நடவும் அறுப்பும் நடக்கும் மாதங்களில் "மருமக இருக்கா" என்பதற்கு அர்த்தம் வேறு. அடுத்து, ஆஸ்பத்திரியில் கூட இருப்பவரேதான் வீட்டில் பார்க்கப்போகிறாரா? பெரும்பாலும் இல்லை. பேண்ட் போட்ட மகனிடம் சொல்லி அனுப்புவோம், வேலை செய்யப்போவது மருமகளோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ. அந்தப் பெண்ணை ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்ல வேண்டும்.

அப்புறம் செய்து காட்டுவது. நாம் செய்து காட்டுவது மட்டும் போதாது, அவர்களைச் செய்யவைத்துப் பார்க்க வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், மரியாதைக்காக. "இப்ப நீங்க அம்மாவை எழுப்பி நாற்காலியில உட்கார வைங்க பாப்போம்" என்றால் அப்போது தெரியும். உட்காரும் நாற்காலியில் முழங்கால் தொடை மூட்டைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதை வாயால் சொன்னால் யாருக்கும் ஏறாது. உட்காரவைத்துக் கையை வைத்துக் காட்டினால் ஒரு நிமிஷம். படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில்.

இதிலும் ஒரு குழப்பம் உண்டு, ஊரில் ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். பந்து மாற்றியவர்களுக்கு, அதிலும் பின்பக்கமாகத் திறந்து வைத்த மூட்டுக்கு, முதல் 6 முதல் 12 வாரம் நழுவும் பயம் உண்டு. அதனால்தான் குந்தாதே, குனிந்து தரையில் கிடப்பதை எடுக்காதே, கால் மேல் கால் போடாதே என்பதெல்லாம். கழுத்துக்குக் கீழே முறிந்து உள்ளே கம்பி வைத்தவர்களுக்கு அந்தப் பயம் கிடையாது, எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதே அங்கே கேள்வி. உங்களுக்கு இதில் எது நடந்தது என்பதைத் தமிழில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது ஓடி வர வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால், திடீரென மூச்சு வாங்கினால் அல்லது நெஞ்சு வலித்தால், காயத்தில் நீரோ சீழோ கசிந்தால், கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டால், ஆள் திடீரென உளறினால். அக்கா உளறியதை "வயசாச்சுல்ல" என்று நாலு நாள் விட்டிருக்கிறார்கள். ரத்தக் கட்டி வராமல் வயிற்றில் போடும் ஊசியை எத்தனை நாள் போட வேண்டும், யார் போடுவார்கள் என்பதும் அக்கா கேஸில் தொங்கலில் நின்றது. ஊசி ஃப்ரிட்ஜ் மேல் பெட்டியோடு இருந்தது.

இன்னொன்று, இது டாக்டர்களுக்கு. முறிந்த எலும்பை மாற்றிவிட்டோம், முறியவைத்த எலும்புத் தேய்மானத்துக்கு என்ன வைத்தியம்? 2007ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், இந்த ஆபரேஷன் ஆனவர்களுக்கு வருடம் ஒரு தடவை ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி போட்டதில் புது முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன, இறப்பும் குறைந்தது. சிறுநீரகத்தையும் வைட்டமின் டியையும் பார்த்துவிட்டுத்தான் போட முடியும், எல்லாருக்கும் ஆகாது. ஆனால் அக்காவின் காகிதத்தில் கால்சியம் மாத்திரையைத் தவிர எதுவும் இல்லை. நாமாகக் கேட்டால்தான் உண்டு.

சர்க்கார் பக்கத்தில் வழி இல்லாமல் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆரம்பித்தது. வீட்டுக்கு பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுவந்து கொடுப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் போய்க் கேட்டு எழுதிவைத்த பிறகு வந்தார். டிஸ்சார்ஜ் அன்றே ஆஸ்பத்திரியிலிருந்து அந்த ஊர் சுகாதார நிலையத்துக்கு ஒரு ஃபோன் போயிருந்தால் இரண்டு வாரம் முன்னால் வந்திருப்பார். ஆயுஷ்மான் பாரத் திட்ட விதிகளில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் வரையிலான மருந்து, பரிசோதனைச் செலவும் அடக்கம். 2024 அக்டோபர் முதல் 70 வயது தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் அந்தக் காப்பீடு உண்டு. கட்டணக் கவுண்டரில் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுப்பாருங்கள்.

எனக்கு அதிகாரம் இருந்தால் மூன்று காரியம் செய்வேன். தொடை எலும்பு முறிந்து வரும் ஒவ்வொரு முதியவருக்கும் அட்மிஷன் அன்றே ஒரு நர்ஸ் பெயரைக் கேஸ் ஷீட்டில் எழுதவைப்பேன், வீட்டுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு என்று. அதற்கான நேரத்தை அவருடைய டூட்டியில் கணக்கு வைப்பேன். சனிக்கிழமை மதியம் டிஸ்சார்ஜ் பண்ணுவதைத் தடை செய்வேன்! ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடை பாதி மூடியிருக்கும், ஓ.பி. கிடையாது, ஃபோனை எடுக்க ஆளில்லை. மூன்றாம் நாள் அந்த நர்ஸ் வீட்டுக்கு ஒரு ஃபோன் போட வேண்டும். "நல்லா இருக்காங்களா?" என்று கேட்கக் கூடாது. தண்ணி எவ்வளவு குடிச்சாங்க, நேத்து எத்தனை தடவை எழுந்து நடந்தாங்க, ஊசி போட்டாச்சா என்று கேட்க வேண்டும்.

அக்காவை இரண்டாம் தடவை கூட்டிவந்தபோது, நிலைப்படிகளுக்கு ஆசாரியை விட்டு இரண்டு சாய்வுப் பலகை செய்தோம். கமோடு நாற்காலி வாங்கினேன். கூடத்தில் வைக்க விடமாட்டேன் என்று ஒரே சண்டை, எதிரே சாமி படம் இருக்கிறதாம். புத்தி தெளிந்துவிட்டது என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டுமா? கடைசியில் ரேழியில் ஒரு புடவையைத் திரை கட்டி வைத்தோம். முழங்கால் நீட்டி மடக்க ஒரு மாதம் பிடித்தது. "நீதான் நர்சாச்சே, முன்னாடியே வந்து சொல்லக் கூடாதா?" என்று அவள் கேட்டபோது கண் ஆபரேஷனைக் காரணம் சொன்னேன்.

தையில் திண்ணை வரைக்கும் வந்துவிட்டாள். வாக்கர் இப்போது கைத்தடியாகிவிட்டது. அந்தக் கமோடு நாற்காலி மட்டும் வீட்டில் இல்லை. கீழத்தெருவில் ஒரு தாத்தா விழுந்தார், அங்கே போனது. அங்கிருந்து பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறது. ஐப்பசிக்குள் திருப்பி வாங்கி வைத்துவிடச் சொல்லி அக்கா எனக்கு வாரம் ஒரு தடவை ஃபோன் செய்கிறாள்.